கட்டத்தில் இருப்பதும் கண்ணில் படுவதும்: சட்டப் பணியில் பிடிஎஃப் படிவங்கள்

ஒரே வழக்கு, இரண்டு மனுதாரர்கள்: அண்ணன், தங்கை. இருவருக்கும் தனித்தனியாகப் பிரமாணப் பத்திரம் வேண்டும். எங்களிடம் இருந்த ஒரு பிடிஎஃப் படிவத்தையே இரண்டு முறை திறந்து, ஒன்றில் அண்ணனின் விவரத்தையும் மற்றதில் தங்கையின் விவரத்தையும் நிரப்பித் தனித்தனிப் பெயரில் சேமித்தோம். இரண்டையும் வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். சரியாக இருந்தன. பிறகு மனு, இணைப்புகள் எல்லாவற்றோடும் சேர்த்து ஒரே கோப்பாக்கி, கையெழுத்து வாங்குவதற்காக அச்சுக்குக் கொடுத்தாயிற்று. கட்டைப் புரட்டிக்கொண்டிருந்த குமாஸ்தாதான் நிமிர்ந்து பார்த்தார். "சார், தங்கச்சி பத்திரத்துலயும் அண்ணன் பேருதான் வந்திருக்கு. வயசும் அவரோடதுதான்."

தட்டச்சில் யாரும் தவறு செய்யவில்லை. படிவத்தில் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும், நம் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளப் பெயர் உண்டு. இரண்டு பத்திரமும் ஒரே படிவத்திலிருந்து வந்தவை. எனவே இரண்டிலும் அடையாளப் பெயர்கள் ஒன்றே. பிடிஎஃப் விதிப்படி ஒரு கோப்புக்குள் ஒரே பெயரில் இருக்கும் கட்டங்கள் எல்லாம் ஒரே கட்டமாகக் கருதப்படும். அவற்றுக்கு ஒரே ஒரு மதிப்புதான் இருக்க முடியும். தனித்தனிக் கோப்பாக இருந்தவரை சிக்கல் எழவில்லை. சேர்த்ததும், முதலில் வந்த அண்ணனின் விவரம் தங்கையின் கட்டங்களிலும் ஏறிவிட்டது. சில மென்பொருள்கள் சேர்க்கும்போதே பெயரை மாற்றி இந்த மோதலைத் தவிர்த்துவிடும். நாங்கள் பயன்படுத்தியது தவிர்க்கவில்லை.

அன்று யாரும் கவனிக்காமல் கையெழுத்து ஆகியிருந்தால், ஒரு பெண் தன் அண்ணனின் பெயரில் சத்தியம் செய்ததாகப் பதிவாகியிருக்கும். அதற்குப் பிறகுதான் இந்தக் கோப்புகள் உள்ளே எப்படி இயங்குகின்றன என்று உட்கார்ந்து படித்தேன். சட்டத் தொழிலில் இருக்கும் எல்லோரும் அதை ஒரு முறையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். காகிதத்தில் பழகிய கண்ணோடுதான் நாம் பிடிஎஃப் படிவத்தைப் பார்க்கிறோம். காகிதத்தில் எழுதியதும் தெரிவதும் ஒன்று. பிடிஎஃப் படிவத்தில் அவை இரண்டு.

மதிப்பு வேறு, தோற்றம் வேறு

அடோபி நிறுவனம் பிடிஎஃப் வடிவத்தை வெளியிட்டது 1993இல். எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும், ஒரே மாதிரி அச்சாக வேண்டும் என்பதே அப்போதைய நோக்கம். நிரப்பக்கூடிய கட்டங்கள் 1996இல் 1.2 பதிப்போடு வந்தன. அந்த அமைப்புக்கு அக்ரோஃபார்ம் என்று பெயர். 2008இல் பிடிஎஃப் ஐஎஸ்ஓ 32000 என்ற உலகத் தரமானபோதும் இந்த அமைப்பு அப்படியே அதற்குள் போனது. இன்று நாம் நிரப்பும் படிவங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இதில் ஓர் எழுத்துக் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். கோப்புக்குள் அதற்கு இரண்டு தனிப் பதிவுகள் இருக்கின்றன. ஒன்று மதிப்பு, அதாவது நாம் தட்டச்சு செய்த சொல். இன்னொன்று தோற்றம். அந்தச் சொல்லை எந்த எழுத்துருவில், எந்த அளவில், கட்டத்தின் எந்த இடத்தில் வரைய வேண்டும் என்று சொல்லும் சின்னப் படம் அது. திரையில் நாம் படிப்பது தோற்றத்தை. கோப்பிலிருந்து தகவலை எடுக்கும் மென்பொருள் படிப்பது மதிப்பை. இரண்டையும் பொருத்தி வைப்பது, நிரப்பும் மென்பொருளின் பொறுப்பு. சில மென்பொருள்கள் மதிப்பை மட்டும் எழுதிவிட்டு, தோற்றத்தைத் திறப்பவரின் மென்பொருளே வரைந்துகொள்ளட்டும் என்று ஒரு குறிப்பை வைத்துவிடும். அந்தக் குறிப்பைக் கண்டுகொள்ளாத மென்பொருளில் அதே கோப்பைத் திறந்தால் எல்லாக் கட்டமும் காலியாகத் தெரியும்.

இதனால்தான் "எல்லாவற்றையும் நிரப்பித்தானே அனுப்பினேன்" என்று ஒரு வக்கீலும், "எங்களுக்கு வந்தது வெற்றுப் படிவம்" என்று எதிர்த்தரப்பும் வாதிடும் நிலை வருகிறது. இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். நிரப்பியவர் கணினியில் ஒரு மென்பொருள், பெறுபவரின் கைப்பேசியில் வேறொரு மென்பொருள். கெடு தேதி இடையில் ஓடிப்போயிருக்கும்.

மதிப்புக்கும் தோற்றத்துக்கும் உள்ள இடைவெளி எண்களில் இன்னும் நுட்பமாக வேலை செய்யும். ஒரு சொத்தை மூன்று வாரிசுகளுக்குச் சமமாகப் பிரித்துக் காட்டும் படிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் பங்காக 33.333 என்று உள்ளிடுகிறோம். கட்டத்தின் வடிவமைப்பு இரண்டு தசம இடத்தை மட்டும் காட்டச் சொல்கிறது, ஆகவே 33.33 என்று தெரியும். மொத்தக் கட்டம் தானே கூட்டிக்கொள்ளும். அது கூட்டுவது தோற்றத்தை அல்ல, மதிப்பை. 99.999 என்று வந்து, அதையும் இரண்டு இடத்துக்குச் சுருக்கி 100.00 என்று காட்டும். அச்செடுத்த தாளில் எதிர்த்தரப்பு வக்கீல் மூன்று எண்களைக் கையால் கூட்டினால் 99.99. கூட்டல் தெரியாத மனு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், குறுக்கு விசாரணையில் கட்சிக்காரர் தடுமாறுவார்.

தேதியும் இப்படியே. 03/04 என்பது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா என்பது படிவத்தை உருவாக்கியவர் கட்டத்துக்குக் கொடுத்த வடிவமைப்பைப் பொறுத்தது. மாதத்தை முதலில் எதிர்பார்க்கும் கட்டத்தில் நாளை முதலில் தட்டினால், 12 வரையுள்ள எண்ணை அது மறுப்பே சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். 13 என்று வந்தால்தான் முரண்டு பிடிக்கும். கால வரம்பைக் கணக்கிடும் வழக்கில் இது சிறிய விஷயம் இல்லை. மாதத்தை எழுத்தால் எழுதும் வாய்ப்பு இருந்தால் நான் அதையே தேர்ந்தெடுக்கிறேன்.

வழக்கின் சாரத்தை எழுதும் பெரிய கட்டத்தில் இன்னொரு வகை ஆபத்து காத்திருக்கிறது. கட்டம் எட்டு வரி கொள்ளும். நாம் பதினான்கு வரி எழுதுகிறோம். கட்டத்துக்குள் உருட்டிப் படிக்க முடிவதால் எல்லாம் இருக்கிறது என்றே தோன்றும். மதிப்பில் பதினான்கு வரியும் இருக்கிறது. தோற்றத்தில் எட்டுதான். அச்செடுத்தால் எட்டு வரி மட்டுமே வரும். அடோபியின் அக்ரோபாட் மென்பொருளில் கட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கூட்டல் குறி தோன்றி, உள்ளே இன்னும் இருக்கிறது என்று சொல்லும். அவசரத்தில் அதை யார் பார்க்கிறார்கள்? ஒரு முறை எங்கள் ஜூனியர் ஒருவர் நிரப்பிய படிவத்தில், மனுதாரர் கேட்கும் பரிகாரமே ஒன்பதாவது வரியில் இருந்தது. அச்சில் வந்ததோ சம்பவ விவரம் மட்டும். இன்னும் சில படிவங்களில், எழுத எழுத எழுத்தின் அளவு தானாகச் சுருங்கும்படி வைத்திருப்பார்கள். அங்கே எதுவும் விடுபடாது. ஆனால் நீதிபதி பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கும். கட்டத்தில் "இணைப்பு அ-வில் காண்க" என்று எழுதிவிட்டு, சொல்ல வேண்டியதைத் தனித் தாளில் விரிவாக எழுதுவது பழைய முறை. இன்றும் அதைவிட நல்ல முறை இல்லை.

இதெல்லாம் அக்ரோஃபார்மின் குணங்கள். எக்ஸ்எஃப்ஏ என்று வேறொரு வகை படிவம் இருக்கிறது. ஜெட்ஃபார்ம் என்ற நிறுவனம் உருவாக்கி, பின்னர் அடோபி கைக்கு வந்து, 2003இல் பிடிஎஃப் 1.5 பதிப்போடு சேர்ந்தது. பதிலுக்கு ஏற்ப நீளும், வரிசை சேர்த்துக்கொள்ளும், பக்கங்களைக் கூட்டிக்கொள்ளும் திறமையான படிவங்கள் இவை. அரசுத் துறைகள் பலவும் விரும்பி எடுத்துக்கொண்டன. ஆனால் பார்ப்பதற்குத்தான் பிடிஎஃப். உள்ளே இருப்பது முற்றிலும் வேறு அமைப்பு. பொருந்தாத மென்பொருளில் திறந்தால் 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு பக்கம் வரும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அதற்கு மேல் எதுவும் வராது. அந்தப் பக்கம்தான் கோப்பில் உண்மையாக இருக்கும் பிடிஎஃப் பக்கம். படிவம் வேறொரு மூலையில் எக்ஸ்எம்எல் தரவாக உட்கார்ந்திருக்கிறது. 2017இல் வந்த ஐஎஸ்ஓ 32000-2 இந்த வகையைக் கைவிட வேண்டியதாக அறிவித்துவிட்டது. ஆனால் பழைய படிவங்கள் புழக்கத்தில் இருப்பதால் ஃபயர்பாக்ஸ் உலாவி 2021இல் அதைத் திறக்கும் வசதியைச் சேர்த்தது. உங்கள் கட்சிக்காரர் "காத்திருக்கச் சொல்லுது, வேற ஒண்ணும் வரலை" என்று கூப்பிட்டால், அவருடைய இணைய வேகத்தைச் சந்தேகிக்க வேண்டாம். கணினியில் அக்ரோபாட் ரீடரை நிறுவித் திறக்கச் சொல்லுங்கள்.

தட்டையாக்குவதும் கையொப்பமும்

மதிப்பும் தோற்றமும் பிரிந்து நிற்பதுதான் சிக்கல் என்றால், இரண்டையும் ஒன்றாக்குவதுதான் தீர்வு. அதைத்தான் ஃப்ளாட்டன் செய்வது, அதாவது தட்டையாக்குவது என்கிறோம். தட்டையாக்கும்போது கட்டங்கள் மறையும். அவற்றின் தோற்றம் மட்டும் பக்கத்தின் பகுதியாகப் பதிந்துவிடும். அதன் பிறகு அதில் யாரும் சொடுக்கித் திருத்த முடியாது, ஒரே பெயர் கொண்ட கட்டங்கள் மோத முடியாது, எந்த மென்பொருளில் திறந்தாலும் ஒரே மாதிரி தெரியும். அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்கள் பலவும் தங்கள் மின்தாக்கல் முறையில் ஏற்றும் முன் நிரப்பிய படிவத்தைத் தட்டையாக்கச் சொல்வதற்கு இதுவே காரணம். அண்ணன் தங்கை பத்திரங்களை நாங்கள் சேர்ப்பதற்கு முன் தட்டையாக்கியிருந்தால் அந்தக் குழப்பமே நேர்ந்திருக்காது.

தட்டையாக்கும் வசதி இல்லாத மென்பொருளில், அச்சுக்கு அனுப்புவது போல் அனுப்பி பிடிஎஃப் ஆகவே சேமிப்பது எல்லோரும் செய்யும் வழி. பெரும்பாலும் வேலை செய்யும். இதற்கு முன் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, தட்டையாக்குவது தோற்றத்தைத்தான் பதிக்கிறது. உருட்டிப் படித்த ஒன்பதாவது வரி அப்போது போனது போனதுதான். எனவே நிரப்பிய, தட்டையாக்காத கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. இரண்டாவது, கையொப்பம்.

கையொப்பம் என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று வெவ்வேறு காரியங்களைக் குறிக்கிறோம். கையெழுத்தின் படத்தை ஒட்டுவது ஒன்று. 'நான் ஒப்புக்கொள்கிறேன்' என்று பெயரைத் தட்டச்சு செய்வதோ பொத்தானை அழுத்துவதோ இன்னொன்று. மூன்றாவது, சான்றிதழின் துணையோடு செய்யும் டிஜிட்டல் கையொப்பம். கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் கணக்கிட்டு ஒரு சுருக்கத் தொகை எடுத்து, அதைக் கையொப்பமிடுபவரின் ரகசியச் சாவியால் பூட்டுவது இது. கோப்பில் பின்னர் ஓர் எழுத்து மாறினாலும் தெரிந்துவிடும். இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், அமெரிக்காவின் ஈ-சைன் சட்டம் இரண்டும் 2000இல் வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈஐடிஏஎஸ் ஒழுங்குமுறை 2014இல். மூன்றும் மின் கையொப்பத்தை ஏற்கின்றன. எந்த ஆவணத்துக்கு எந்த வகை போதும் என்பதில் ஒவ்வொன்றும் வேறு பாதையில் போகிறது. ஒட்டிய படத்தை டிஜிட்டல் கையொப்பம் என்று நம்பி வாங்கி வைத்திருக்கும் வக்கீல்களைப் பார்த்திருக்கிறேன். வழக்கு வரும்போதுதான் அதன் பலவீனம் தெரியும்.

டிஜிட்டல் கையொப்பமிட்ட கோப்பைத் தட்டையாக்கினாலோ, அச்சு வழியாக மறுபடி பிடிஎஃப் ஆக்கினாலோ கையொப்பம் செத்துப்போகும். பக்கத்தில் பெயரும் தேதியும் அழகாகத் தெரியும்; சரிபார்க்க உள்ளே எதுவும் இருக்காது. தட்டையாக்குவது முதலில், கையொப்பம் கடைசியில். இந்த வரிசையை மாற்றினால் கட்சிக்காரரிடம் மறுபடி போய் நிற்க வேண்டும்.

பலர் வரிசையாக நிரப்பிக் கையொப்பமிடும் ஒப்பந்தங்களில் முதலிலேயே தட்டையாக்க முடியாது. அதற்காகத்தான் சான்றளிக்கும் கையொப்பம் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆவணத்தை உருவாக்கியவர் முதல் கையொப்பத்தைப் போடும்போதே, இதற்குப் பிறகு என்ன மாற்றம் செய்யலாம் என்பதையும் அதில் எழுதிவிடுகிறார். எதுவும் கூடாது, கட்டங்களை நிரப்பவும் கையொப்பமிடவும் மட்டும் செய்யலாம், அவற்றோடு குறிப்பும் எழுதலாம் என்று மூன்று நிலைகள். நடைமுறையில் வேண்டியது பெரும்பாலும் இரண்டாவது நிலைதான்.

இதிலும் மதிப்பு, தோற்றம் என்ற அந்தப் பழைய பிளவு தலைகாட்டியிருக்கிறது. ஜெர்மனியின் போஹும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளிப்படுத்தி, மறு ஆண்டு ஆய்வுக் கட்டுரையாக விரிவாக வெளியிட்ட 'நிழல் தாக்குதல்' வகைகளில் ஒன்று முழுக்க முழுக்கப் படிவக் கட்டத்தை நம்பியது. கட்டத்தின் மதிப்பு ஒன்றாகவும் தோற்றம் வேறாகவும் இருக்கும்படி முன்கூட்டியே தயாரித்த ஆவணத்தை ஒருவரிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்குவது. பிறகு காட்டப்படுவதை மாற்றுவது. கையொப்பம் செல்லும் என்றே பல மென்பொருள்கள் பச்சை டிக் காட்டின. நிறுவனங்கள் அதன் பிறகு திருத்தம் வெளியிட்டன. எதிர்த்தரப்பு அனுப்பிய நிரப்பக்கூடிய கோப்பில் நேரடியாகக் கையொப்பமிடாமல், நாமே தட்டையாக்கிய நகலில் கையொப்பமிடுவோம் என்று கேட்பது முரட்டுத்தனம் இல்லை. அது கட்சிக்காரருக்கு நாம் செய்யும் கடமை.

நீண்ட காலம் பாதுகாக்க வேண்டிய கோப்புக்கு 2005இல் வந்த பிடிஎஃப்/ஏ என்ற தரம் இருக்கிறது. கட்டங்களை அது அனுமதிக்கிறது. ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் தோற்றம் கோப்பிலேயே இருந்தாக வேண்டும், திறப்பவர் வரைந்துகொள்ளட்டும் என்று விடக் கூடாது. கணக்குப் போடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலும் கூடாது. முப்பது ஆண்டுக்குப் பிறகு உயிலைத் திறப்பவருக்கு இன்றைய மென்பொருள் இருக்காது என்பதை நினைத்து எழுதிய விதிகள் அவை.

மறைத்தது இன்னும் உள்ளேதான் இருக்கிறது

2019 ஜனவரியில் அமெரிக்காவில், டிரம்ப்பின் முன்னாள் தேர்தல் பிரசாரத் தலைவர் பால் மேனஃபோர்ட்டின் வக்கீல்கள் நீதிமன்றத்தில் ஓர் ஆவணம் தாக்கல் செய்தார்கள். வெளியாகக் கூடாத வரிகள் மேல் கறுப்புப் பட்டை போட்டிருந்தது. செய்தியாளர்கள் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, வேறிடத்தில் ஒட்டினார்கள். அத்தனை எழுத்தும் வந்துவிட்டது. பட்டை தோற்றத்தில் மட்டும் இருந்தது. வரிகள் உள்ளே அப்படியே இருந்தன.

படிவங்களில் இதே ஆபத்து சத்தமில்லாமல் வரும். 'மைனர் குழந்தைகள் உண்டா?' என்ற கேள்விக்கு ஆம் என்று டிக் செய்தால் கீழே குழந்தைகளின் பெயர், பிறந்த தேதி, பள்ளி எனக் கட்டங்கள் திறக்கும். நிரப்பிவிட்டோம். பிறகு, இந்த மனுவில் அது தேவையில்லை என்று டிக்கை எடுத்துவிட்டோம். கட்டங்கள் மறைந்துவிட்டன. ஆனால் படிவத்தை எழுதியவர் மறைக்கும்போது அழிக்கவும் வேண்டும் என்று தனியாகச் சொல்லியிருக்காவிட்டால், அந்தப் பெயர்களும் தேதிகளும் மதிப்பாகக் கோப்பில் தங்கியிருக்கும். கட்டங்களின் தரவை ஏற்றுமதி செய்யும் ஒரே கட்டளையில் யாரும் அவற்றை எடுத்துவிடலாம். பாதுகாப்பு கேட்டு ஓடி வந்த ஒரு தாயின் மனுவில், குழந்தையின் பள்ளிப் பெயர் இப்படித் தங்கிப்போனால் அதன் விலை என்னவென்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

சென்ற வழக்கின் நிரப்பிய கோப்பையே மாடலாக எடுத்துப் பெயரை மாற்றும் பழக்கம் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறது. கோப்பின் தலைப்பு என்ற பண்பில் பழைய கட்சிக்காரரின் பெயர் நிற்பதும், தட்டச்சு செய்யத் தொடங்கியதும் மென்பொருள் நினைவிலிருந்து இன்னொருவரின் முகவரியை எடுத்து நீட்டுவதும் அங்கிருந்து வருவதுதான். வெற்றுப் படிவத்தைத் திருத்த முடியாதபடி ஓரிடத்தில் வைத்து, ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே புதிதாக எடுக்க வேண்டும். அந்த வெற்றுப் படிவமும் பழையதாகிவிடக் கூடாது. அமெரிக்கக் குடியேற்றத் துறை படிவங்களின் அடியில் பதிப்புத் தேதியை அச்சிட்டு, காலம் கடந்த பதிப்பில் வருவதைத் திருப்பி அனுப்புகிறது. விண்ணப்பத்தில் ஒரு பிழையும் இல்லாமலே திரும்பி வரும். 'இலவசமாக ஆன்லைனில் பிடிஎஃப் நிரப்பலாம்' என்று அழைக்கும் தளங்களில் கட்சிக்காரரின் படிவத்தை ஏற்றுவதைப் பற்றி ஒரே வரி: செய்யாதீர்கள். அந்தத் தகவல் நம்முடையது இல்லை.

தமிழில் நிரப்பினால்

பிடிஎஃப் கட்டங்கள் பெரும்பாலும் ஹெல்வெட்டிகா போன்ற எழுத்துருவோடு உருவாக்கப்படுகின்றன. அதில் தமிழ் எழுத்து இல்லை. மென்பொருள் வேறு எழுத்துருவைத் தேடி எடுத்தாலும், தமிழ் எழுத்துகளைக் கோர்த்துக் காட்டும் வேலையைக் கட்டங்களுக்குள் எல்லா மென்பொருளும் செய்வதில்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும்; புள்ளி வட்டம் முளைக்கும்; சில இடத்தில் வெறும் சதுரங்கள். இங்கே மதிப்பு சரியாக இருந்து தோற்றம் சிதைகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய தமிழை வெட்டி ஒட்டினால் நேர்வது இதற்குத் தலைகீழ். வேர்டில் பார்க்கும்போது தோற்றம் அழகான தமிழ். உள்ளே இருக்கும் மதிப்போ பொருளற்ற ஆங்கில எழுத்து வரிசை. கட்டத்தில் ஒட்டியதும் அந்த வரிசை வெளியே வந்துவிடும். ஒருவருடைய பெயர் சட்ட ஆவணத்தில் சிதைந்து நிற்பது வெறும் அழகியல் குறை ஆகாது. அவர் அவர்தானா என்ற கேள்வியே அங்கிருந்து எழலாம். யூனிகோடில் தட்டச்சு செய்து, தமிழ் எழுத்துருவைக் கட்டத்தோடு பதித்து உருவாக்கிய படிவம்தான் உருப்படியான வழி. அது கிடைக்காதபோது, வேர்டில் முழுவதும் தயாரித்து பிடிஎஃப் ஆக்குவதே மேல்.

பார்வையற்றவர்களுக்கு இந்தக் கட்டங்கள் இன்னும் முக்கியம். ஒவ்வொரு கட்டத்துக்கும் திரைவாசிப்பான் படிக்கும் ஒரு விளக்கத்தை எழுதி வைக்க முடியும். எழுதாமல் விட்டால் அவர் காதில் விழுவது 'டெக்ஸ்ட் 14' என்பது மட்டுமே. டேப் சாவியை அழுத்தும்போது கட்டங்கள் என்ன வரிசையில் வருகின்றன என்பதும் அப்படியே. இந்த இரண்டையும் சரிசெய்ய ஒரு பிற்பகல் போதும். பிறர் உதவி இல்லாமல் ஒருவர் தன் மனுவைத் தானே எழுதிக்கொள்ள அது வழி விடும்.

டிக் போடாத கட்டம் என்ன சொல்கிறது?

நிரப்பும் படிவம் கணினியோடு பிறந்தது இல்லை. பண்டைய ரோமில் வழக்கை விசாரணைக்கு அனுப்பும் முன் பிரேட்டர் என்ற அதிகாரி, என்ன கேள்வியைத் தீர்க்க வேண்டும் என்பதை ஓரிரு வாக்கியங்களில் எழுதிக் கொடுப்பார். அதற்கு ஃபார்முலா என்று பெயர். மாதிரி ஃபார்முலாக்களில் வாதியின் இடத்தில் ஆலஸ் அகேரியஸ், பிரதிவாதியின் இடத்தில் நியூமேரியஸ் நெகிடியஸ் என்று பெயர் போட்டிருக்கும். 'வழக்காடுபவன்', 'மறுப்பவன்' என்ற பொருள் ஒலிக்கும் கற்பனைப் பெயர்கள். நம் பத்திர மாதிரிகளில் 'இன்னார் மகன் இன்னார்' நிற்பது போல. வர வேண்டியதைவிடக் கூடுதலாகக் கேட்டு ஃபார்முலா வாங்கிய வாதி முழு வழக்கையும் இழந்தார். கடைசியில் கி.பி. 342இல், எழுத்தசைகளைப் பிடித்துக்கொண்டு ஆளை மடக்கும் கண்ணி என்று குறை சொல்லி, பேரரசர் ஆணையே அந்த முறையை ஒழித்தது.

அந்தக் கண்ணி இன்று டிக் கட்டத்தில் இருக்கிறது. அக்ரோஃபார்ம் டிக் கட்டத்துக்கு இரண்டே நிலை. டிக் இருந்தால் படிவம் கொடுத்த மதிப்பு, இல்லாவிட்டால் 'ஆஃப்'. 'முன்பு இதே நிவாரணம் கேட்டு வழக்குப் போட்டதுண்டு' என்ற வரிக்குப் பக்கத்துக் கட்டம் காலியாக இருக்கிறது. இல்லை என்று சொல்கிறாரா, கேள்வியைப் பார்க்கவே இல்லையா? கோப்புக்கு இரண்டும் ஒன்றுதான். சட்டத்துக்கு இரண்டும் ஒன்றல்ல. பதிலுரையில் குறிப்பாக மறுக்காத குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டதாகக் கருதும் விதி இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 8 விதி 5இல் இருக்கிறது. அமெரிக்க ஃபெடரல் உரிமையியல் நடைமுறை விதி 8இலும் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் காலிக் கட்டம் ஒரு வாக்குமூலமாகிவிடும். படிவம் தயாரிக்கும் பொறுப்பு நம் கையில் இருந்தால், டிக்குக்குப் பதிலாக ஆம், இல்லை, தெரியாது என்ற மூன்று ரேடியோ பட்டன்களை வைப்போம். எதையும் முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைக்காமல் விடுவோம். பட்டியல் கட்டத்தில் முதல் விருப்பம் தானாக நிற்பதும் இதே ஆபத்துதான்: 'திருமணமானவர்' என்பது பட்டியலில் மேலே நிற்பதால் மட்டுமே ஒருவர் திருமணமானவர் ஆகிவிடுகிறார்.

படிவத்தைக் காட்டாமலே கேள்வி கேட்டு, பதிலைக் கொண்டு படிவத்தை நிரப்பும் முறை இப்போது பரவுகிறது. அமெரிக்காவில் இலவசச் சட்ட உதவி வக்கீலாக இருந்த ஜானதன் பைல் உருவாக்கிய டாக்அசெம்பிள் என்ற திறந்த மென்பொருள் அதற்குப் பெயர் பெற்றது. 2020இல் பெருந்தொற்றால் நீதிமன்றக் கதவுகள் மூடியபோது, மாசசூசெட்ஸின் சஃபோல்க் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியினர் அதைக் கொண்டு அவசர மனுக்களைக் கைப்பேசியிலேயே நிரப்ப வழி செய்தார்கள். கட்டங்களின் அடையாளப் பெயர்கள் இங்கேதான் முழுப் பயன் தருகின்றன. 'டெக்ஸ்ட் 14' என்பதற்குப் பதில் 'மனுதாரர் 2 பெயர்' என்று ஒழுங்காகப் பெயர் வைத்த படிவத்தை, கேள்விகளோடு ஒரே நாளில் இணைத்துவிடலாம்.

ஆனால் கேள்வியின் சொல் யாருடையது என்பதில் நான் இன்னும் தயங்கி நிற்கிறேன். 'எதிர்மனுதாரர் தங்களுடன் ஒரே இல்லத்தில் வசிக்கிறாரா?' என்று பாதுகாப்பு கேட்டு வந்த ஒரு பெண்ணிடம் படிவத்தில் இருந்ததை அப்படியே படித்தேன். "வர்றப்போ வருவாருங்க. சாவி அவருகிட்டயும் ஒண்ணு இருக்கு" என்றார். ஆம் என்று டிக் செய்தால் பொய். இல்லை என்று டிக் செய்தால், அந்தச் சாவியைப் பற்றி நீதிபதிக்குத் தெரியாமலே போகும். கட்டத்தைக் காலியாக விடாமல் 'இணைப்பு அ-வில் காண்க' என்று தட்டச்சு செய்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதத் தொடங்கினேன்.